விண்ணில் வலம் வரும் கண்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அந்தி சாய்ந்த வேளையில் வயல் வரப்பிலோ வீட்டு மாடியிலோ நின்று வானத்தைப் பார்ப்பவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருக்கக்கூடும். விண்மீன்களுக்கு நடுவே ஓர் ஒளிப்புள்ளி சத்தமின்றி, சிமிட்டாமல், ஒரே சீராக நகர்ந்து சென்று திடீரென மறைந்துவிடும். அது ஆகாய விமானம் அன்று, எரிகல்லும் அன்று. மனிதன் செய்து வானில் விட்ட செயற்கைக்கோள். நமக்கு இருட்டிவிட்ட பின்னும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கிறது. அந்த வெயில் பட்டுத்தான் அது மின்னுகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மறைந்துவிடுகிறது.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை அனுப்பியது. அன்று தொடங்கியது விண்வெளி யுகம். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து அந்நாட்டு ராக்கெட்டில் ஏறிச் சென்றது. ஐந்தே ஆண்டுகளில், 1980 ஜூலை 18 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் சொந்த ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3, ரோகிணியைச் சுமந்து சென்றது. இவை யாவரும் அறிந்த செய்திகள். ஆனால் மேலே சென்ற பொருள் ஏன் கீழே விழவில்லை? சில கோள்கள் ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவர, சில ஏன் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுகின்றன? எந்தக் கோள் நம் ஊர்மீது செல்லும், எது செல்லாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் விழவில்லை?

"மேலே போய்விட்டால் புவியீர்ப்பு இல்லை, அதனால் விழவில்லை" என்று பலரும் கூறக் கேட்கிறோம். பி.எஸ்ஸி. படிக்கும் நம்மிடையேகூட இந்த எண்ணம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். 650 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம் 7,021 கிலோமீட்டர் ஆகிறது. ஈர்ப்பு, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற நியூட்டன் விதிப்படி, அங்கே ஈர்ப்பு தரையில் உள்ளதில் 82 சதவீதம். நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு ஈர்ப்பு இருக்கும் இடத்தை ஈர்ப்பே இல்லாத இடம் என்று எப்படிக் கூற முடியும்?

உண்மை என்னவெனில், செயற்கைக்கோள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. இதை நியூட்டன் ஒரு கற்பனையால் விளக்கினார். மிக உயர்ந்த மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்துக் கிடைமட்டமாகச் சுடுவோம். குண்டு சிறிது தூரம் சென்று தரையில் விழும். இன்னும் வேகமாகச் சுட்டால் இன்னும் தள்ளி விழும். எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் முதல் விநாடியில் குண்டு 4.9 மீட்டர் கீழே இறங்கத்தான் செய்யும். ஆனால் பூமி தட்டை அன்று; உருண்டை. 7.9 கிலோமீட்டர் தூரம் நேர்கோட்டில் போனால் பூமியின் பரப்பு நமக்குக் கீழே அதே 4.9 மீட்டர் வளைந்து இறங்கியிருக்கும். ஆகவே விநாடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், காற்றின் தடை மட்டும் இல்லையெனில், குண்டு இறங்கும் அளவுக்குத் தரையும் இறங்கிக்கொண்டே போகும். குண்டு விழும், ஆனால் தரையைத் தொடாது. அதுவே சுற்றுப்பாதை.

கம்பு, சோளக் கொல்லையில் குருவி விரட்டக் கவண் சுழற்றியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கல் சுழல்வதற்குக் காரணம் கயிறு இழுப்பதுதான். கயிற்றின் ஒரு முனையை விட்டால் கல் நேராகப் பறந்துவிடும். புவியீர்ப்பே அந்தக் கயிறு. ஈர்ப்பு இல்லாததால் அன்று, ஈர்ப்பு இருப்பதால்தான் செயற்கைக்கோள் நம்மை விட்டு ஓடிவிடாமல் சுற்றுகிறது. விண்வெளி வீரர்கள் மிதப்பதும் இதனால்தான். அவர்களும் அவர்கள் இருக்கும் கலமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கின்றனர்.

இந்த வேகம் எவ்வளவு பெரிது? உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாம் பஸ்ஸில் ஏறி, நின்று நின்று, ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறோம். செயற்கைக்கோளுக்கு அத்தூரம் நான்கு விநாடி!

உயரத்துக்கேற்ற வேகம்

உயரம் கூடக்கூட வேகம் குறையும். ஒருமுறை சுற்றிவர ஆகும் காலம் கூடும். சுற்றுக்காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. சூரியனைச் சுற்றும் கோள்களுக்கு அவர் கண்ட விதி, மனிதன் செய்த கோள்களுக்கும் பொருந்துகிறது.

650 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 98 நிமிடம். 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் காலமும் அதுவே. ஆகவே பூமத்திய ரேகைக்கு மேலே அந்த உயரத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றும் கோள், பூமியோடு சேர்ந்தே திரும்புவதால், வானில் ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்பதாகத் தோன்றும். இதுவே புவிநிலைச் சுற்றுப்பாதை.

நம் தெருவில் உள்ள டிஷ் ஆன்டெனாக்களைப் பாருங்கள். எல்லாம் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசையையே நோக்கியிருக்கும். வடக்கு நோக்கி ஒன்றுகூட இருக்காது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12.6 பாகை அட்சரேகையில் இருப்பதால், ரேகைக்கு மேலே நிற்கும் கோள் நமக்குத் தெற்கே சாய்ந்துதான் தெரியும். ஒருமுறை திருகாணி முடுக்கிவிட்டால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். கோளும் நகர்வதில்லை, டிஷ்ஷும் நகர்வதில்லை.

மழைக்காலத்தில் தொலைக்காட்சியில் காட்டும் மேகப்படமும் இதே உயரத்திலிருந்து வருவதுதான். இன்சாட்-3டி 2013ஆம் ஆண்டிலும், இன்சாட்-3டிஆர் 2016ஆம் ஆண்டிலும், இன்சாட்-3டிஎஸ் 2024ஆம் ஆண்டிலும் அனுப்பப்பட்டன. 2016 டிசம்பர் 12 அன்று நம் மாவட்டத்தையும் உலுக்கிய வார்தா புயல் கரையேறுமுன் அதன் சுழற்சியை மேலிருந்து இடைவிடாது படம் பிடித்தவை இத்தகைய கோள்களே. என் தந்தையார் நெல் பயிரிடுபவர். அறுப்பை இரண்டு நாள் தள்ளிப் போடுவதா வேண்டாமா என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கண்ணுக்கும் எங்கள் களத்துமேட்டுக்கும் உள்ள தொடர்பு இது.

கணக்கில் ஆர்வமுள்ள நண்பர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். பூமியின் மையத்திலிருந்து புவிநிலைக் கோளின் தூரம் 42,164 கிலோமீட்டர். நிலவின் தூரம் 3,84,400 கிலோமீட்டர், அதாவது சுமார் 9.1 மடங்கு. 9.1ஐக் கனம் எடுத்து, அதன் வர்க்கமூலம் கண்டால் 27 நாளுக்குச் சற்று அதிகமாக வரும். நிலவு பூமியைச் சுற்றும் காலம் 27.3 நாள். தொலைக்காட்சிக் கோளுக்கும் நிலவுக்கும் ஒரே சட்டம்!

சாய்வு என்னும் சூத்திரம்

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். ஓர் எலுமிச்சம்பழத்தைச் சரிபாதியாக வெட்டுவோம். எந்தப் பக்கமாக வெட்டினாலும், பாதி சரிபாதியாக இருக்கவேண்டுமானால் கத்தி பழத்தின் மையத்தின் வழியே சென்றாக வேண்டும். செயற்கைக்கோளின் பாதையும் அத்தகையதே. ஈர்ப்பு எப்போதும் பூமியின் மையத்தை நோக்கி இழுப்பதால், சுற்றுப்பாதையின் தளம் மையத்தின் வழியே போயாக வேண்டும். உத்திரமேரூரின் அட்சரேகையை மட்டும் ஒட்டி, நம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும் கோள் ஒன்றை அனுப்பவே முடியாது. வடக்கே எவ்வளவு தூரம் ஏறுகிறதோ, தெற்கேயும் அவ்வளவு தூரம் இறங்கித்தான் ஆகவேண்டும்.

இத்தளம் பூமத்திய ரேகையோடு உண்டாக்கும் கோணமே சாய்வு எனப்படும். சாய்வு 30 பாகை என்றால், அக்கோள் வடக்கே 30 பாகைக்கும் தெற்கே 30 பாகைக்கும் நடுவே உள்ள ஊர்களின் மீது மட்டுமே செல்லும். சாய்வு 90 பாகையை ஒட்டி இருந்தால் துருவங்கள் உட்பட பூமி முழுவதையும் பார்த்துவிடும். 1988 மார்ச் 17 அன்று சென்ற ஐ.ஆர்.எஸ்.-1ஏ முதலிய நம் தொலையுணர்வுக் கோள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவை வடக்கு தெற்காகச் சுற்ற, கீழே பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்ப, ஏர் உழவில் சால் மேல் சால் விழுவதுபோல் பூமி முழுவதும் படத்தில் பதிந்துவிடுகிறது. ஏரிகளின் நீர்ப்பரப்பை அளப்பதும், பயிரின் பரப்பைக் கணிப்பதும் இவற்றின் பணிகள்.

இத்தகைய துருவப் பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ராக்கெட்டை விட முடியாது. குறுக்கே இலங்கை இருக்கிறது. எனவே தென்கிழக்காகச் சென்று, பிறகு திரும்ப வேண்டியுள்ளது. அதற்கு எரிபொருள் செலவாகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கினால் வெறும் கடல். சிறிய ராக்கெட்டுகளுக்காக அங்கு ஓர் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதற்குக் காரணம் இதுவே.

நம் ஆஸ்ட்ரோசாட்

கீழே பூமியைப் பார்க்கும் கண்களைப் பற்றிச் சொன்னோம். மேலே வானத்தைப் பார்க்கும் கண்களும் உண்டு. அவையே விண்வெளித் தொலைநோக்கிகள். தொலைநோக்கியைத் தரையில் வைத்தால் போதாதா? நம் ஊரின் அதே அட்சரேகையில், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு அது மிகச் சிறந்தது. ஆனால் எக்ஸ் கதிர்களையும் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும் நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. உயிர்கள் வாழ அந்தத் தடை தேவைதான். ஆனால் அக்கதிர்களை ஆராய விரும்புவோர் காற்றுக்கு மேலே போகத்தான் வேண்டும்.

2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி.-சி30 ராக்கெட் நம் நாட்டின் முதல் விண்வெளி வானாய்வகமான ஆஸ்ட்ரோசாட்டை எடுத்துச் சென்றது. எடை ஒன்றரை டன். உயரம் 650 கிலோமீட்டர். சாய்வு வெறும் 6 பாகை. இங்கேதான் ஒரு நல்ல கேள்வி எழுகிறது.

ஸ்ரீஹரிகோட்டாவின் அட்சரேகை 13.7 பாகை. அங்கிருந்து நேர் கிழக்கே ராக்கெட்டை விட்டால், பாதையின் தளம் ஏவுதளத்தின் வழியாகவும் பூமியின் மையத்தின் வழியாகவும் போக வேண்டுமாகையால், சாய்வு 13.7 பாகையாகத்தான் அமையும். பூமியின் சுழற்சி தரும் விநாடிக்கு 450 மீட்டர் வேகமும் இனாமாகக் கிடைக்கும். அப்படியிருக்க, போகும் வழியில் ராக்கெட்டின் திசையைத் திருப்பி 6 பாகைக்குக் கொண்டுவந்தது ஏன்? திருப்புவது இலேசான காரியம் அன்று. சுற்றுப்பாதையை அடைந்த பின் இந்த 7.7 பாகையைத் திருப்புவதானால், விநாடிக்கு 1 கிலோமீட்டர் அளவுக்கு வேக மாற்றம் தேவைப்படும்.

காரணம் பூமியின் காந்தப்புலத்தில் இருக்கிறது. பூமியைச் சுற்றி மின்னூட்டத் துகள்கள் நிறைந்த வளையங்கள் உண்டு. பிரேசில் நாட்டுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே காந்தப்புலம் வலுக்குறைந்து இருப்பதால், அங்கே அத்துகள்கள் தாழ இறங்கி வருகின்றன. அவ்வழியே செல்லும் எக்ஸ் கதிர்க் கருவிகளில் துகள்கள் மழைபோல் மோதி, உண்மையான செய்தியை மறைத்துவிடும், கருவியும் கெடும். பூமத்திய ரேகையை ஒட்டிச் சென்றால் அந்த இடத்தின் வடக்கு ஓரத்தை மட்டுமே தொட்டுச் செல்லலாம். இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது தென்னிந்தியாவுக்குத் தெற்கே வந்துபோவதால், பெங்களூரு அருகே உள்ள தரை நிலையத்துக்குத் தன் செய்திகளை அடிக்கடி இறக்கித் தர முடிகிறது.

ஆகவே நம் ஆஸ்ட்ரோசாட் உத்திரமேரூர்மீது ஒருநாளும் செல்வதில்லை. 8 பாகையில் உள்ள குமரிமுனையைக்கூட அது எட்டாது. இலங்கையின் தென்கோடி வரைதான் வரும். ஆனால் 650 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் தெற்கு வானில் அடிவானத்துக்கு மேலே 37 பாகை வரை எழுந்து செல்லும். ஐந்தாண்டுகள் உழைப்பதற்காக அமைக்கப்பட்ட அது, 2025ஆம் ஆண்டு பத்தாண்டுகளைக் கடந்தது. 930 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த புற ஊதா ஒளியை அது கண்டுபிடித்த செய்தி 2020இல் வெளியாயிற்று. 2024 ஜனவரி 1 அன்று சென்ற எக்ஸ்போசாட்டுக்கும் அதே 650 கிலோமீட்டர், அதே 6 பாகை.

மற்ற கண்கள்

1990 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் கென்னடி தளத்திலிருந்து புறப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் சாய்வு 28.5 பாகை. கென்னடி தளத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 28.5 பாகையே! காரணம் இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். ஹப்பிள் நம் ஊர்மீது செல்வதுண்டு. ஆனால் தென் அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும் போதெல்லாம் அது தன் வேலையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

1999 ஜூலை 23 அன்று சென்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சூட்டிய பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. அரசு கலைக் கல்லூரி மாணவர் ஒருவரின் பெயர் விண்ணில் வலம் வருவது நமக்கெல்லாம் பெருமை. அதன் பாதை நீண்ட நீள்வட்டம். தொடக்கத்தில் பூமியிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் வரை நெருங்கி, 1,40,000 கிலோமீட்டர் வரை விலகியது. ஒரு சுற்றுக்கு 64 மணி நேரம். கெப்ளரின் இரண்டாம் விதிப்படி, தூரத்தில் இருக்கும்போது கோள் மெதுவாகச் செல்லும். ஆகவே பெரும்பாலான நேரத்தைத் துகள் வளையங்களுக்கு வெளியே கழித்து, இடையூறின்றி நெடுநேரம் உற்றுநோக்க முடிகிறது. ஆஸ்ட்ரோசாட் தாழ்ந்து சென்று தப்பிக்கிறது. சந்திரா உயர்ந்து சென்று தப்பிக்கிறது. தொல்லை ஒன்று, வழி இரண்டு.

பூமியைச் சுற்றாமல் பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றும் கண்களும் உண்டு. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கத்தில் 15 லட்சம் கிலோமீட்டரில் ஓர் இடமும், எதிர்ப்பக்கத்தில் அதே தூரத்தில் மற்றோர் இடமும் உள்ளன. சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, அங்குள்ள பொருள் பூமியோடு ஒத்த வேகத்தில் ஓராண்டில் சூரியனைச் சுற்றும்படி செய்கின்றன. முதல் இடத்தை ஒட்டி நம் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் சூரியனைப் பார்க்கிறது. அத்திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. இரண்டாம் இடத்தை ஒட்டி, 2021 டிசம்பர் 25 அன்று புறப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சூரியனுக்கு முதுகு காட்டி, இருளில் தொலைதூர ஒளியைத் தேடுகிறது.

விழுந்த கதை

எங்கள் ஆயா 'ஸ்கைலாப்' என்ற சொல்லை இன்றும் மறக்கவில்லை. 1979இல் அது தலையில் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. சாகப் போகிறோம், எதற்கு மிச்சம் வைப்பது என்று வளர்த்த ஆட்டுக்குட்டியை அறுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்களாம். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் இயற்பியல் படித்த பின் யோசித்தால், அந்தப் பயம் முழுவதும் மூடத்தனம் அன்று என்பது புரிகிறது.

அமெரிக்காவின் ஸ்கைலாப் ஆய்வுக்கூடம் 1973 மே 14 அன்று சுமார் 435 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டது. அந்த உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது உராய்ந்து உராய்ந்து வேகத்தைக் குறைக்க, பாதை தாழ்ந்துகொண்டே வரும். சூரியனின் சீற்றம் மிகுந்தபோது மேல்காற்று சூடாகி உப்பியதால் ஸ்கைலாப் எதிர்பார்த்ததைவிட விரைவில் இறங்கியது. அதன் சாய்வு 50 பாகை. அப்படியானால் அது விழக்கூடிய இடம் வடக்கே 50 பாகைக்கும் தெற்கே 50 பாகைக்கும் நடுவே எங்கும் இருக்கலாம். உத்திரமேரூரும் அதற்குள் அடக்கம். ஆயாவின் பயத்துக்குச் சாய்வுக் கணக்கு சாட்சி சொல்கிறது!

ஆனால் கணக்கின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். உலகில் யாரேனும் ஒருவர்மீது அதன் துண்டு விழும் வாய்ப்பு 152இல் 1 என நாசா கணக்கிட்டிருந்தது. அன்றைய உலக மக்கள் தொகை 400 கோடிக்கு மேல். ஆகவே குறிப்பிட்ட ஒருவர்மீது விழும் வாய்ப்பு 60,000 கோடியில் ஒன்று. 1979 ஜூலை 11 அன்று அதன் துண்டுகள் இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. எவருக்கும் காயமில்லை. இந்தக் கணக்கை எங்கள் தெருவில் தமிழில் எடுத்துச் சொல்ல அன்று ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த ஆட்டுக்குட்டி பிழைத்திருக்கும்.

நாம் செய்யக்கூடியது

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப்போல் பலர் இருக்கின்றனர். பாடநூலில் இவ்விதிகள் பத்து மதிப்பெண் வினாக்கள். வீட்டுக்குப் போனால் அவையே "அது ஏன் விழல?" என்ற கேள்வியாக நிற்கின்றன. தேர்வுக்கு எழுதிவிட்டு, வீட்டில் கேட்டால் "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் படித்தவனுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடும்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் வேறுவகையான சுவர் ஒன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறைப்படி யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்னும் விதிகளை ஊரார் பார்க்கும் இடத்தில், தமிழில், கல்லில் வெட்டி வைத்தனர். ஊரை ஆளும் சட்டத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கவில்லை.

வானத்தை ஆளும் சட்டத்தையும் நாம் அவ்வாறே நடத்தவேண்டும் என்பது என் எண்ணம். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கவண், வீட்டுக் கூரையில் உள்ள டிஷ் ஆன்டெனா ஆகியவை போதும். இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் ஆளுக்கு ஒரு வீட்டில் இதை எடுத்துச் சொன்னால், அடுத்தமுறை ஏதேனும் ஒரு கோள் விழப்போகிறது என்ற செய்தி வரும்போது, "அதன் சாய்வு எத்தனை பாகை?" என்று நம் ஊரில் ஒருவராவது கேட்பார்.